அரை மில்லிமீட்டரின் ஓசை

ஓடும் காரின் அடியிலிருந்து எழும் ‘டொக்’ என்ற ஓசை இரண்டு செய்திகளை ஒருங்கே சொல்கிறது. ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்பது முதலாவது. அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு பாகம் மற்றதன்மேல் மோதும்படி அவற்றின்மேல் செயல்படும் விசை திசை மாறிக்கொண்டிருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓசை பிறப்பதில்லை. தேய்ந்த மூட்டு ஒன்றை ஒரே திசையில் அழுத்திக்கொண்டே இருந்தால் அது வாய் திறப்பதில்லை. அழுத்தம் ஒரு கணம் விலகித் திரும்பும்போதுதான், அரை மில்லிமீட்டர் அளவேயான வெற்றிடத்தைக் கடந்து இரும்பு இரும்பைத் தட்டுகிறது. ஆகவே இந்த ஓசையை ஆராய்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எங்கிருந்து வருகிறது’ என்பதைவிட ‘எப்போது வருகிறது’ என்பதாகவே இருக்க வேண்டும்.

‘எங்கிருந்து’ என்னும் கேள்விக்குக் காது தரும் விடை நம்பத்தக்கதாக இல்லாததற்கு இயற்பியல் காரணம் உண்டு. மனிதக் காது ஓசையின் திசையை அறிவதற்கு, அது ஒரு காதை அடைந்து மறு காதை அடைவதற்குள் கழியும் மிகச் சிறிய கால இடைவெளியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த இடைவெளி அதிக அளவாக ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது, எஃகிலோ சுமார் 5,000 மீட்டர். முன் சக்கரத்தின் கீழ் எழுந்த இடி, காற்றின் வழியே வந்து சேர்வதற்கு முன்பே காரின் எஃகு உடல் வழியாகப் பரவி, தரைத்தகட்டையும் டேஷ்போர்டையும் கதவையும் ஒரே நேரத்தில் அதிரச் செய்துவிடுகிறது. ஓட்டுநர் கேட்பது அந்தத் தகடுகள் எழுப்பும் ஓசையையே. காலடியில் கேட்கும் ஓசைக்கு இடப்பக்கச் சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கையான லோயர் ஆர்மும், பின்னிருக்கையில் கேட்கும் ஓசைக்கு முன்பக்கத்தில் உள்ள லிங்க் ராடு என்னும் கம்பியும் காரணமாக இருப்பதைப் பணிமனைகளில் அடிக்கடி காணலாம். காதை மட்டும் நம்பிப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர் நல்ல பாகங்களுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

‘எப்போது’ என்னும் கேள்விக்கு விடை காண வெவ்வேறு வகைச் சாலைகள் வேண்டும். அவ்வகையில் திருப்பத்தூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி இயற்கையாகவே அமைந்த ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்வதால், சமதளத்தில் ஒரே வேகத்தில், ஒரே கியரில் வண்டியை ஓட்டிப் பார்க்க முடியும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஊர்த்தெருக்களில் வேகத்தடைகளும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கும் பள்ளங்களும் கிடைக்கும். சோலையார்பேட்டைப் பக்கம் திரும்பிப் பொன்னேரி வழியாகச் சென்றால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகளோடு மலைச்சாலை ஏறுகிறது. இன்ஜினுக்குச் சுமையும் ஸ்டியரிங்குக்கு முழுத் திருப்பமும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. நெடுஞ்சாலை சுழற்சியைச் சோதிக்கிறது, ஊர்த்தெரு சக்கரங்களின் ஏற்ற இறக்கத்தைச் சோதிக்கிறது, மலைச்சாலை சுமையையும் திருப்பத்தையும் சோதிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு நிலைமையை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துக்கொள்வது அறிவியல் சோதனையின் அடிப்படை விதி. காருக்கும் அதுவே பொருந்தும்.

சாலைக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களின் நட்டுகளும் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பஞ்சர் ஒட்டியபின் சரியாக இறுக்கப்படாத நட்டும் இதே ஓசையைத்தான் எழுப்பும், அதன் முடிவோ சக்கரமே கழன்று ஓடுவதாக இருக்கக்கூடும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு இந்த நட்டுகளை ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு ஏறக்குறைய இதுவாகும். சரியான அளவு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும்.

சமதளச் சாலையில் ஓசை சீரான தாளத்தோடு வருமானால் அதை எண்ணிப் பார்க்கலாம். 14 அங்குல ரிம் கொண்ட சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் உருளுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 5.6 மீட்டர், எனவே சக்கரம் விநாடிக்கு மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. அதே நேரத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் விநாடிக்கு 25 முறை சுற்றுகிறது. வாயால் எண்ணக்கூடிய ‘டொக்… டொக்… டொக்’ சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றைக் குறிக்கிறது. எண்ண முடியாத ‘டடடட’ இன்ஜினோடு ஓடுவதைக் குறிக்கிறது. ஆளில்லாத நேரான பாதையில், அந்த வேகத்திலேயே, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஒரு சில விநாடிகள் உருளவிட்டால் ஐயம் முழுதும் தீர்ந்துவிடும். இன்ஜின் அடங்கியும் ஓசை அதே தாளத்தில் தொடர்ந்தால் இன்ஜினின் மேல் குற்றம் இல்லை. மலை இறக்கத்தில் மட்டும் இதை ஒருபோதும் செய்யக்கூடாது, அங்கே வண்டியைக் கட்டுப்படுத்துவதில் கியருக்குப் பெரும் பங்கு உண்டு.

தாளம் இல்லாமல், மேடு பள்ளம் வரும்போது மட்டும் எழும் ஓசை பெரும்பாலும் சஸ்பென்ஷனைச் சேர்ந்தது. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைத்து, சாலையின் அதிர்ச்சி உள்ளே வராமல் தடுக்கும் சுருள்வில், ஷாக் அப்சார்பர், கைகள், மூட்டுகள் ஆகிய அனைத்தின் தொகுதியே சஸ்பென்ஷன். இதில் மிகுதியாக ஓசை எழுப்புவதும், மிகக் குறைவாகக் கெடுதல் செய்வதும் லிங்க் ராடு ஆகும். வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்க, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே முறுக்குத் தண்டு ஒன்று குறுக்கே செல்கிறது. அதன் இரு நுனிகளையும் சக்கரங்களோடு இணைக்கும் விரல் பருமனுள்ள கம்பிகளே லிங்க் ராடுகள், அவற்றின் இரு முனைகளிலும் சிறிய பந்து மூட்டுகள் உண்டு. சாலையின் முழு அகலத்துக்கும் போடப்பட்ட வேகத்தடையில் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் முறுக்குத் தண்டு முறுக்கப்படுவதில்லை, அது தன் ரப்பர்ப் பிடிகளுக்குள் சுழன்று கொடுக்கிறது, லிங்க் ராடின் மேல் விசை மிகச் சிறிதே விழுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதோ தண்டு முறுக்கப்பட்டு லிங்க் ராடு இழுக்கவும் தள்ளவும் படுகிறது. ஆகவே வேகத்தடையில் அடங்கியும், ஒரு பக்கப் பள்ளத்தில் ‘லொட லொட’ என்றும் பேசும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது லிங்க் ராடைத்தான். எந்தக் கருவியும் இல்லாமல், ஒரே தெருவில் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பதாலேயே இவ்வளவு துல்லியமான முடிவுக்கு வர முடிகிறது என்பது வியந்து போற்றத்தக்கது.

லோயர் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட்டின் நிலை வேறு. சக்கரம் மேலும் கீழும் செல்லவும், ஸ்டியரிங்கோடு திரும்பவும் இடம் கொடுக்கும்படி, கிண்ணத்துக்குள் கிரீஸில் மிதக்கும் எஃகு உருண்டையாக அது அமைந்திருக்கிறது. மேலே உள்ள ரப்பர் உறை கிழிந்து மண்ணும் நீரும் புகுந்தால் கிரீஸ் அரைப்பான் ஆகிவிடுகிறது. உருண்டை தேய்ந்து கிண்ணத்தைவிட்டு வெளியேறினால் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து, வண்டி அந்த இடத்திலேயே சரிந்துவிடும். லிங்க் ராடின் ஓசையும் பால் ஜாயின்ட்டின் ஓசையும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கலாம். முன்னதோடு வீடு வந்து சேரலாம், பின்னதோடு நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது. இந்த வேறுபாட்டை அறிய வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உறுதியாக நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்ப்பதே வழி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது உயிருக்கு ஆபத்தானது. கடிகார முகப்பில் பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடங்களில், அதாவது சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும், பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட்டோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. உதவியாளர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க மீண்டும் ஆட்டும்போது ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். ஒன்பதும் மூன்றும் உள்ள இடங்களில், பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடு எண்டையோ அதன் உட்பக்கத்து ரேக் எண்டையோ பார்க்க வேண்டும்.

ஆர்மின் மறுமுனை காரின் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ், இரண்டு எஃகுக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை ஒட்டவைத்துச் செய்யப்பட்டதாகும். தோல் தொழில் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு இந்த ரப்பரின் இயல்பைத் தோலைக் கொண்டே விளக்கிவிடலாம். பச்சைத் தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒன்றோடொன்று உறுதியாகக் கட்டப்படாதவை. குரோமியம் உப்பைச் செலுத்தும்போது அந்த இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகி, அழுகாத, சுருங்காத தோல் கிடைக்கிறது. பதனிடாத தோல் 60 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே சுருங்கிவிடும். நன்கு குரோம் ஏறிய ‘வெட் ப்ளூ’ தோலின் துண்டைக் கொதிநீரில் போட்டாலும் அதன் அளவு குறைவதில்லை, தொழிற்சாலைகளில் இதையே சோதனையாகச் செய்து பார்க்கிறார்கள். ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளைக் கந்தகம் இதேபோலக் குறுக்கே கட்டுகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த இச்செயலே வல்கனைசேஷன். கட்டப்பட்ட சங்கிலிகள் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பி வருவதால்தான் புஷ் அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஆனால் காற்றில் உள்ள ஓசோன் அந்தச் சங்கிலிகளை அறுக்கிறது, இன்ஜின் எண்ணெய் கசிந்து பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பொதுபொதுக்கிறது, வெயிலும் சூடும் அதை இறுக்கி வெடிக்கச் செய்கின்றன. தார்ச்சாலையின் வெக்கையில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியின் புஷ்ஷை விளக்கொளியில் உற்றுப் பார்த்தால், உட்குழாயைச் சுற்றி நிலாப்பிறை வடிவில் ஒரு பிளவு தெரியும். அந்தப் பிறையின் அகலமே பிரேக் போடும்போதும் வண்டி நகரத் தொடங்கும்போதும் கேட்கும் ‘டம்’ என்ற ஓசையின் அகலம்.

வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று சுருள்வில் துள்ளும் ஓசை வந்தால், ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதியைக் காரின் உடலோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப, மற்றவர் சுருள்வில்லின் வெளிப்புறத்தில் விரல் நுனியை வைத்தால், வில் சீராகச் சுழலாமல் சிக்கிச் சிக்கித் துள்ளுவது காதுக்கு எட்டும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். பிரேக் காலிப்பருக்குள் பேட் தளர்ந்திருந்தாலும் கரடுமுரடான சாலையில் தட்டும் ஓசை கேட்கும். அப்போது பிரேக் பெடலை மிக லேசாகத் தொட்டால் பேட் டிஸ்க்கோடு அழுந்தி ஓசை உடனே நின்றுவிடும், சஸ்பென்ஷன் ஓசை அவ்வாறு நிற்பதில்லை.

திருப்பத்தில் மட்டும் ‘கட கட கட’ என்று விரைந்து கேட்கும் ஓசைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சாய்ந்த கோணத்தில் உள்ள இரு தண்டுகளை இணைக்க, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் சிலுவை மூட்டு பயன்பட்டது. பணிமனைகளில் அதற்குப் பெயர் ‘கிராஸ்’. ஒரு தண்டு சீரான வேகத்தில் சுற்றினாலும், கோணம் கூடக்கூட மறு தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தளரும் என்பது அதன் குறை. 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் கோணம் சிறியது என்பதால் இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்ற இரட்டைப் பொறுப்பு முன்சக்கரத்துக்கு வந்தபோது சீரான வேகம் தரும் மூட்டு தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் ரெசப்பா, வளைந்த பள்ளங்களில் ஓடும் ஆறு எஃகுக் குண்டுகளைக் கொண்டு 1920களில் அதை உருவாக்கினார். 1983 டிசம்பரில் வெளிவந்த முன்சக்கர இயக்க மாருதி 800 இந்த மூட்டை இந்தியத் தெருக்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் குண்டுகள் ஓடும் பள்ளங்கள் குழிந்துவிடுகின்றன. ஏலகிரியின் வளைவில் ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒவ்வொரு குண்டும் தன் குழியில் விழுந்து எழும் ஓசையே அந்தக் ‘கட கட’. இடப்பக்கம் திரும்பும்போது ஓசை கூடினால் பெரும்பாலும் வலப்பக்க மூட்டுதான் தேய்ந்திருக்கும்.

அதே மலைச்சாலையில், நேரான ஏற்றத்தில், உயர் கியரில் இன்ஜின் திணறும்போது தகரத்தில் சிறு கற்களைக் கொட்டினாற்போன்ற ஓசை கேட்டால் அது முற்றிலும் வேறான ஒன்று. இதுவரை பார்த்தவை பாகங்களின் மோதல்கள், இது எரிதலின் பிழை. ஸ்பார்க் பிளக்கில் பிறந்த சுடர் சிலிண்டர் முழுவதும் பரவி முடிவதற்குள், எரியாமல் எஞ்சி நிற்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டரின் சுவர்களுக்கு நடுவே முன்னும் பின்னும் பாய்கிறது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது விநாடிக்கு ஏறத்தாழ 7,000 அதிர்வுகளாக ஒலிக்கும். இன்றைய இன்ஜின்களில் அந்த அதிர்வெண்ணுக்கே காது கொடுக்கும் நாக் சென்சார் பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் உள்ள படிகம் அதிரும்போது மின்னழுத்தம் பிறக்க, கணினி உடனே பொறியின் நேரத்தைப் பின்தள்ளிவிடுகிறது. இந்த ஓசையை அடக்க 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மம், பல பத்தாண்டுகள் உலகெங்கும் பெட்ரோலில் கலக்கப்பட்டுக் குழந்தைகளின் குருதியில் ஈயத்தை ஏற்றியது. இந்தியா 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது, உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. ஓர் இயந்திரத்தின் ஓசையை நிறுத்த மனித இனம் கொடுத்த விலைகளில் இதைவிடக் கொடியது இல்லை. இன்று அந்த வேலையின் ஒரு பகுதியை, பெட்ரோலில் கலக்கப்படும், எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளாத எத்தனால் செய்கிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியது கியரைக் குறைப்பது. ஓசை உடனே அடங்கும். அடங்காமல் மீண்டும் மீண்டும் வந்தால் சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கிறதா, கூலன்ட் சரியாக ஓடுகிறதா, பிளக் உரிய வகைதானா என்று பார்க்க வேண்டும். இதற்கு மாறாக, இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, சுற்று கூடக்கூட ஆழமான சுத்தியல் அடிபோல் ஓசை வந்து, எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது என்று கொள்ள வேண்டும். அங்கே எண்ணெய்ப் படலம் இருக்க விடப்பட்டுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. அது பெருகியபின் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பழுதைப் பெருக்கும். வண்டியை அங்கேயே நிறுத்தி இழுத்துச் செல்வதுதான் சரி.

பழுது பார்ப்பதில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. புதிய லோயர் ஆர்மைப் பொருத்தும் மெக்கானிக், சக்கரம் தொங்கிய நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழுகிறது, இறுக்கிப் பிடிக்கப்பட்ட உட்குழாய் அசையாமல் நிற்கிறது, நடுவில் உள்ள ரப்பர் ஓடாமல் நிற்கும்போதுகூட முறுக்கப்பட்டே இருக்கிறது. அத்தகைய புஷ் சில மாதங்களில் கிழியும், பழி பாகத்தின் தரத்தின் மேல் விழும். போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கும் நிலைக்கு வந்தபின் கடைசி இறுக்கத்தைக் கொடுப்பதே முறை. ஸ்ட்ரட் மவுண்ட்டை மாற்றுவதற்குச் சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலுவுள்ள வில்லை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் சுமார் 280 ஜூல் ஆற்றல் அடைபடுகிறது, 28 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்கு அது சமம். சாலையோரத்தில் கயிற்றைக் கட்டி இவ்வேலையைச் செய்வதை வண்டியின் உரிமையாளர் அனுமதிக்கவே கூடாது. நைலான் வளையம் கொண்ட பழைய நட்டுகளுக்குப் பதிலாகப் புதியவற்றையே போட வேண்டும். ஆர்மையோ டை ராடு எண்டையோ மாற்றியபின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் வேலையைத் தவிர்த்தால், ஓசை போனாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும்.

வேலை முடிந்ததும் வண்டியை அதே தெருவில், அதே பள்ளத்தில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; வேறு சாலையில் ஓசை கேட்கவில்லை என்பதால் எதுவும் உறுதியாவதில்லை. கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர் வரை ஒருமுறை போய்த் திரும்பினால் அந்தத் தூரம் ஆகிவிடும்.